கண்ணாடிச் சொப்பைத் திருப்பிப் பார்ப்போம்

 

இன்று சொப்பைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிப்பு வருகிறதா? வரட்டும். சொப்பு வைத்து விளையாடாதவர் நம்மில் யார்? மண் அடுப்பு, மரக் குடம், சின்னக் கரண்டி. மண்ணைச் சோறாக்கி, இலையைக் கறியாக்கி எல்லோருக்கும் விருந்து வைத்தோம். நம் குழந்தைகளும் வைக்கிறார்கள்.

மரச் சொப்பு தெரியும். மண் சொப்பு தெரியும். பித்தளைச் சொப்பும் தெரியும். கண்ணாடியில் சொப்பு பார்த்திருக்கிறீர்களா?

அமெரிக்காவில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்ணாடிச் சொப்பு செய்தார்கள். கட்டை விரல் அளவு கோப்பை, உள்ளங்கையில் அடங்கும் தட்டு, சின்ன மெழுகுவத்தித் தண்டு, சின்னத் துணி தேய்க்கும் பெட்டி. எல்லாமே கண்ணாடி. அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எது பழையது, எது புதியது, எது உண்மை, எது போலி என்று கண்டுபிடிப்பது அவர்களுக்கு ஒரு கலை.

அந்தக் கலையால் நமக்கு என்ன பயன்? இருக்கிறது. கடைசி வரை கேளுங்கள்.

அச்சில் பிறந்த சொப்பு

கண்ணாடி எதனால் ஆனது? மணலால் ஆனது. மணலோடு சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்த்துப் பெரிய உலையில் உருக்குகிறார்கள். அது தேன் போல இளகி வரும். அந்தக் காலத்தில் நீண்ட இரும்புக் குழாயின் முனையில் அதை எடுத்து, வாயால் ஊதிப் பாத்திரம் செய்தார்கள். ஒவ்வொன்றாக ஊத வேண்டும். அதனால் விலை அதிகம். பணக்காரர் வீட்டில்தான் கண்ணாடிப் பாத்திரம் இருந்தது.

1820-களில் அமெரிக்காவில் ஒரு மாற்றம் வந்தது. இரும்பில் அச்சு செய்தார்கள். உருகிய கண்ணாடியை அச்சில் விட்டார்கள். மேலிருந்து ஓர் இரும்புத் தண்டால் அழுத்தினார்கள். பூ, இலை, கோலம் எல்லாம் ஒரே அழுத்தில் பதிந்து வந்தன. அதிரசத்தை உள்ளங்கையால் தட்டுவதற்கும், முறுக்கை அச்சில் பிழிவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. வேலை வேகமாக நடந்தது. விலை குறைந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சாண்ட்விச் என்று ஓர் ஊர். அங்கே 1825-இல் டெமிங் ஜார்விஸ் என்பவர் கண்ணாடி ஆலை தொடங்கினார். கடற்கரை ஊர் என்பதால், மணலுக்காகத்தான் அங்கே போனார் என்று பலர் நினைப்பார்கள். அது சரியல்ல. அந்தக் கடற்கரை மணல் நல்ல கண்ணாடிக்கு உதவாது. மணல் வெளியூரிலிருந்து வந்தது. ஜார்விஸ் தேடிப் போனது விறகை. உலை இரவும் பகலும் எரிய வேண்டுமே! ஊரைச் சுற்றிக் காடு இருந்தது.

அந்த ஆலையில் பெரிய பாத்திரங்களோடு சின்னச் சொப்புகளும் செய்தார்கள். அவற்றின் மேல் வெற்றிடமே இருக்காது. பொடிப் பொடியாகப் புள்ளிகள் நிறைந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளி போல மினுக்கும். அந்தப் புள்ளிகள் அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல. உருகிய கண்ணாடி இரும்பு அச்சில் படும்போது சட்டென்று குளிர்ந்து சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தைப் புள்ளிகள் மறைத்துவிடும். கிழிசல் தெரியாமல் பூத்தையல் போடுகிறோமே, அது போல.

அந்த ஆலை 1888-இல் மூடப்பட்டது. இன்று அந்த ஊரில் ஒரு கண்ணாடி அருங்காட்சியகம் இருக்கிறது.

மிட்டாய் தின்ற பிறகு பொம்மை

1876-இல் பிலடெல்பியா நகரில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அமெரிக்கா விடுதலை பெற்று நூறு ஆண்டு ஆன விழா அது. அந்தச் சமயத்தில் மணி வடிவில் ஒரு கண்ணாடிப் புட்டி விற்றார்கள். உள்ளே மிட்டாய். மிட்டாய் தீர்ந்த பிறகு குழந்தைக்கு மணி மிச்சம்!

இந்த யோசனை நன்றாகப் பிடித்துக்கொண்டது. பிறகு வந்த ஆண்டுகளில் தொலைபேசி, ரயில், மோட்டார் கார், லாந்தர் விளக்கு என்று பல வடிவங்களில் மிட்டாய்ப் புட்டிகள் வந்தன. மிகக் குறைந்த விலைதான். ஏழைக் குழந்தைக்கும் ஒரு கண்ணாடிப் பொம்மை கிடைத்தது. அப்படிப்பட்ட புட்டி மூடியோடு முழுதாகக் கிடைத்தால், சேகரிப்பவர்கள் இன்று நல்ல விலை கொடுக்கிறார்கள்.

கோலிக் கம்பெனியின் காக்கை

கோலி விளையாடாத ஊர் உண்டா? இந்தக் கதையிலும் கோலி வருகிறது.

அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் 1911-இல் அக்ரோ அகேட் என்ற கம்பெனி பிறந்தது. 1914-இல் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள கிளார்க்ஸ்பர்க் ஊருக்குப் போனது. இயந்திரத்தில் கோலிக்குண்டு செய்து விற்றது. பிறகு போட்டிக் கம்பெனிகள் வந்தன. கோலி மட்டும் செய்தால் போதாது என்ற நிலை வந்தது. 1930-களில் பூந்தொட்டியும் சாம்பல் கிண்ணமும் செய்தது. குழந்தைகளுக்குக் கண்ணாடித் தேநீர்ச் சொப்பும் செய்தது.

அப்போது அமெரிக்கக் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பீங்கான் சொப்புகள் நிறைய விற்றன. 1941 டிசம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் போரில் இறங்கின. ஜப்பான் சரக்கு நின்றது. தகரம் போர்க்களத்துக்குப் போனது. தகரப் பொம்மைக்கும் தட்டுப்பாடு வந்தது. ஆனால் கண்ணாடிக்குத் தட்டுப்பாடு இல்லை. அக்ரோ அகேட் சொப்பு அமோகமாக விற்றது. போர் முடிந்ததும் காற்று மாறி அடித்தது. பிளாஸ்டிக் பொம்மை வந்தது. கீழே விழுந்தால் உடையாது, விலையும் குறைவு. 1951-இல் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

இந்தக் கம்பெனிக்கு ஓர் அழகான முத்திரை உண்டு. ஆங்கில எழுத்து 'ஏ'. அதன் நடுவே ஒரு காக்கை பறக்கிறது. அலகில் ஒரு கோலி, கால்களில் கோலி. சொப்பைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றின் அடியில் இந்த முத்திரை இருக்கும். எல்லாச் சொப்பிலும் இருக்காது.

எப்படி அடையாளம் காண்பது?

சேகரிப்பவர்கள் ஒரு சொப்பைக் கையில் எடுத்ததும் என்ன செய்வார்கள்? முதலில் திருப்பிப் பார்ப்பார்கள். முகத்தைப் பார்க்கும் முன் அடியைப் பார்ப்பார்கள். அங்கே என்னென்ன பார்க்கிறார்கள்?

முதலாவது, முத்திரை. எழுத்தோ எண்ணோ படமோ இருக்கிறதா? எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்கிறதா?

இரண்டாவது, தேய்மானம். பல ஆண்டுகள் மேசையில் நகர்ந்த சொப்பின் அடியில் மெல்லிய கீறல்கள் இருக்கும். அவை எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்த போலியில் கீறல் எல்லாம் ஒரே பக்கமாக ஓடும். நம் வீட்டு அம்மியைப் பாருங்கள். அரைத்துத் தேய்ந்த அம்மிக்கும் நேற்று கொத்திய அம்மிக்கும் வித்தியாசம் தெரியாதா? அதே கண்தான் இங்கேயும் வேண்டும்.

மூன்றாவது, அச்சுத் தழும்பு. அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். ஊதிச் செய்ததா, அச்சில் செய்ததா என்று அது சொல்லும்.

நான்காவது, விளிம்பு. உடைந்த விளிம்பைச் சாணை பிடித்துச் சரி செய்து விற்பவர்கள் உண்டு. விரலை மெல்ல ஓட்டினால் அந்த இடம் மட்டும் தட்டையாகவும் கூராகவும் படும்.

ஐந்தாவது, நிறம். கண்ணாடி தெளிவாக வர அந்தக் காலத்தில் மாங்கனீசு சேர்த்தார்கள். அப்படிப்பட்ட கண்ணாடி வெயிலில் பல ஆண்டு கிடந்தால் இலேசாக ஊதா நிறம் ஏறும். இன்று கதிர்வீச்சு கொடுத்து, சில நாளில் அடர்த்தியான ஊதா ஏற்றி விற்கிறார்கள். ஆகவே நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. யுரேனியம் சேர்த்த மஞ்சள், பச்சைக் கண்ணாடியும் உண்டு. கடைகளில் ரூபாய் நோட்டைச் சரி பார்க்க ஊதா விளக்கு வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரி விளக்கின் கீழ் அது பளீரென்று பச்சையாக ஒளிரும். ஆனால் அப்படிப்பட்ட கண்ணாடியை இன்றும் செய்கிறார்கள். ஒளிர்வதெல்லாம் பழையது ஆகாது.

ஆறாவது, இது சொப்புதானா? உப்பு வைக்கும் கிண்ணம், பல்குச்சி வைக்கும் குவளை, மருந்துக் குப்பி எல்லாம் சின்னதாகத்தான் இருக்கும். அவை பெரியவர்கள் பயன்படுத்தியவை. 'குழந்தைச் சொப்பு' என்று சொல்லி அதிக விலைக்கு விற்றுவிடுவார்கள்.

தலைகீழாகத் தொங்கிய பழம்

போலியைப் பற்றி ஒரு நல்ல கதை இருக்கிறது.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஜெனட் என்ற ஊர். அங்கிருந்த கண்ணாடிக் கம்பெனி 1930-களில் செர்ரிப் பூ, செர்ரிப் பழம் போட்ட பாத்திரங்கள் செய்தது. அதே கோலத்தில் குழந்தைகளுக்கும் ஒரு சொப்புத் தொகுப்பு செய்தது. 4 கோப்பை, 4 சின்னத் தட்டு, 4 பெரிய தட்டு, 1 பால் குவளை, 1 சர்க்கரைக் கிண்ணம். மொத்தம் 14.

1973-இல் இதைப் போல ஒரு புதுக் கோப்பை சந்தைக்கு வந்தது. அதன் கைப்பிடி கொஞ்சம் கோணல். அது மட்டுமா? பழங்கள் தலைகீழாகத் தொங்கின! உண்மையான கோப்பையை வைத்து அச்சு எடுத்தவர்கள், அச்சைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். கோலமும் கவிழ்ந்துவிட்டது. சேகரிப்பவர்களுக்கு நூல் எழுதும் ஒருவர் அதைக் கண்டுபிடித்து எழுதினார். உடனே போலி செய்தவர்கள் அந்தத் தவறைத் திருத்திக்கொண்டார்கள். திருடனும் படிக்கிறான், பார்த்தீர்களா? அதனால் நாமும் தொடர்ந்து படிக்க வேண்டும்.

அதே வரிசையில் ஒரு சின்ன வெண்ணெய்ப் பாத்திரமும் வந்தது. கோப்பையின் கைப்பிடியை எடுத்துவிட்டு, தட்டின் மேல் கவிழ்த்து, உச்சியில் ஒரு குமிழ் வைத்தது போல இருந்தது. பலர் அரிய பொருள் என்று வாங்கினார்கள். அந்தக் கம்பெனி குழந்தைகளுக்கு வெண்ணெய்ப் பாத்திரம் செய்ததே இல்லை! 14 பொருள்களின் பட்டியலைப் படித்தவர் ஏமாறவில்லை. படிக்காதவர் பணத்தை இழந்தார்.

பட்டியலைப் படிப்பது எவ்வளவு பெரிய காவல் என்று பாருங்கள். ரேஷன் கடைப் பலகை, பஸ் டிக்கெட், வேலை அட்டை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சொப்பு சொல்லாத சங்கதி

இதுவரை சொப்பின் அழகைப் பேசினோம். சொப்பின் அடியில் எழுதாத ஒன்றையும் பேச வேண்டும்.

அந்தக் காலத்தில் அமெரிக்கக் கண்ணாடி ஆலைகளில் சிறுவர்கள் வேலை செய்தார்கள். ஊதுபவரின் காலடியில் குந்தி, அச்சைத் திறந்து மூடுவான் ஒரு சிறுவன். சூடான கண்ணாடியைச் சுமந்து, மெல்ல ஆற வைக்கும் அடுப்புக்கு ஓடுவான் இன்னொருவன். உலையின் வெப்பம் ஒரு பக்கம், இரவுக் குளிர் மறுபக்கம். காலடியில் கண்ணாடித் துண்டுகள்.

லூயிஸ் ஹைன் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். குழந்தை உழைப்பை எதிர்த்த குழு ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தார். 1908-இல் இந்தியானா, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களில் கண்ணாடி ஆலைச் சிறுவர்களைப் படம் எடுத்தார். ஒரு படம் நள்ளிரவில் எடுத்தது. மற்ற பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் இந்தப் பிள்ளைகள் உலைக்கு முன் நிற்கிறார்கள். அந்தப் படங்கள் இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. யாரும் பார்க்கலாம்.

மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் 1859-இல் பிறந்தார். பத்து வயதில் வீலிங் ஊர்க் கண்ணாடி ஆலையில் வேலைக்குப் போனார். உலைக்குக் கரி அள்ளிப் போட்டார். அவரே வளர்ந்து 1903-இல் தானாகப் புட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். புட்டி ஆலைகளில் சிறுவர்களுக்கான வேலை குறைந்தது. 1938-இல் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது.

ஒரு பிள்ளை விளையாட ஒரு பொருள். அது பிறந்த உலைக்கு முன் விளையாட நேரமில்லாத இன்னொரு பிள்ளை. இந்தச் சொப்பை எந்தச் சிறுவனின் கை சுமந்தது என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஹைன் எடுத்த படமும் அதன் கீழே எழுதிய குறிப்பும்தான் சொல்கின்றன. எழுதி வைத்ததால் அது மறையவில்லை.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் கண்ணாடி ஊர் உண்டு. உத்தரப் பிரதேசத்தில், ஆக்ராவுக்குப் பக்கத்தில் பிரோசாபாத். கைகளில் குலுங்கும் கண்ணாடி வளையல்களில் பெரும்பகுதி அந்த ஊர் வளையல்தான். அங்கும் பல காலமாகப் பிள்ளைகள் உலையிலும் வீட்டிலும் வளையல் வேலை செய்தார்கள். விளக்குச் சுடரில் வளையல் முனைகளை ஒட்டும் வேலையை இன்றும் குடும்பங்கள் வீட்டில் செய்கின்றன. கூலி எண்ணிக்கைக்கு ஏற்பத்தான்.

1986-இல் குழந்தை உழைப்புச் சட்டம் வந்தது. 2009-இல் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 2016-இல் முதல் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. 'உதவி' என்ற பெயரில் படிப்பு நின்றுவிடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பெற்றோராகிய நாம்தான். துன்பப்படும் குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். கட்டணம் கிடையாது.

நாம் என்ன செய்யலாம்?

பழைய சாமான்காரர் வாசலில் நிற்கும்போது எடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். பாட்டி காலத்து மைப்புட்டி, சின்ன மருந்துக் குப்பி, கழுத்தில் கோலி உருளும் சோடாப் புட்டி ஏதாவது இருக்கலாம். அந்தக் கோலிப் புட்டிக்கு இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் 1872-இல் உரிமை பெற்றார். பழையவற்றைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து இருந்தால் படியுங்கள். எங்கே, எப்போது கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். சீட்டு இல்லாத பழம்பொருள், பெயர் தெரியாத விருந்தாளி மாதிரி. நூறு ஆண்டு கடந்த கலைப் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு அனுமதி இல்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆசை காட்டுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பழைய கண்ணாடிச் சொப்பைச் சின்னக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். உடைந்தால் கையை அறுக்கும். பழைய கண்ணாடியிலும் அதன் மேல் பூசிய வண்ணத்திலும் ஈயம் இருக்கலாம். அதில் பாலோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. அலமாரியில் வைத்துக் கதை சொல்லுங்கள்.

திருவிழாக் கடையில் புதுப் பொம்மை வாங்கினாலும் திருப்பிப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் ஆலையில் செய்த பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைக் கலைஞர்களுக்கு விலக்கு உண்டு. பெட்டியிலோ பொம்மையிலோ முத்திரையும் எண்ணும் இருக்கின்றனவா என்று படியுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். பணம் நம்முடையது, பிள்ளையும் நம்முடையது.

தோழர்களே! போன ஆண்டு வரை பொருளின் அடியில் இருந்த எழுத்து நம்மில் பலருக்கு வெறும் கீறல். இன்று அது பேசுகிறது. வீட்டுக்குப் போனதும் ஒரு பொருளை எடுங்கள். டம்ளர், தீப்பெட்டி, மருந்துப் புட்டி, எதுவானாலும் சரி. திருப்பிப் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று நாளைக்கு மையத்தில் வந்து சொல்லுங்கள்.